வாலில் மெக்சிகோ, இறக்கையில் அமெரிக்கா

பழைய போர் விமானப் படங்களை இணையத்தில் துழாவிக்கொண்டிருப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று வீட்டில் புகார் உண்டு. அப்படித் துழாவும்போது கிடைத்ததுதான் 1945-இல் பிலிப்பைன்ஸில் இருந்த ஒரு பி-47 தண்டர்போல்ட்டின் வண்ணப் படம். உடம்பில் அமெரிக்க வெள்ளை நட்சத்திரம். வாலில் மட்டும் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள். இத்தாலிக் கொடி மாதிரி இருக்கிறதே, இத்தாலிக்கும் பசிபிக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் போனால், வந்து நின்றது மெக்சிகோ.

எஸ்குவாத்ரோன் 201. ஸ்பானிய மொழியில் 201-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு. இரண்டாம் உலகப் போரில் மெக்சிகோ வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரே போர்ப் படை. சுமார் 300 பேர். அவர்களில் விமானிகள் முப்பது சொச்சம், மற்றவர்கள் மெக்கானிக்குகள், குண்டு ஏற்றுபவர்கள், ரேடியோக்காரர்கள், மருத்துவர்கள், சமையல்காரர்கள். போலந்து விமானிகள் லண்டனைக் காத்த கதை உலகுக்கே தெரியும். இவர்களைப் பற்றி மெக்சிகோவுக்கு வெளியே பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு என்னவோ இந்தக் கதைதான் மனதில் ஒட்டிக்கொண்டது. காரணம், இவர்கள் யாரோடு சேர்ந்து போரிட்டார்கள் என்பது.

அமெரிக்கா மெக்சிகோவுக்குச் செய்ததை மெக்சிகோவின் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1846-48 போரில் கலிபோர்னியா தொடங்கி ஏறக்குறையப் பாதி நாட்டைப் பிடுங்கிக்கொண்டது. 1847-இல் தலைநகரின் சபுல்டெபெக் கோட்டையைப் பிடித்தபோது அங்கே படித்துக்கொண்டிருந்த ராணுவ மாணவர்கள் செத்தார்கள். 1914-இல் வேரக்ரூஸ் துறைமுகத்தில் அமெரிக்கப் படை இறங்கியது. 1916-இல் மெக்சிகோப் புரட்சித் தலைவர் பான்ச்சோ வில்லாவைப் பிடிக்கிறேன் என்று அமெரிக்க ஜெனரல் பெர்ஷிங் எல்லை தாண்டி வந்தார். 1938-இல் அதிபர் லாசரோ கார்தெனாஸ் எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியதும் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகள் மெக்சிகோ எண்ணெயைப் புறக்கணித்தன. வேறு வழியில்லாமல் மெக்சிகோ தன் எண்ணெயை ஜெர்மனிக்கே விற்றது. இதெல்லாம் நடந்து ஆறேழு வருடத்துக்குள் மெக்சிகோ இளைஞர்கள் அமெரிக்கச் சீருடையில், அமெரிக்க விமானத்தில், அமெரிக்கத் தளபதியின் கட்டளைக்குக் கீழே பறந்தார்கள் என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும் இல்லையா?

நடந்தது 1942 மே 14-ஆம் தேதி, ஃபுளோரிடா கரைக்கு அப்பால். பொத்ரேரோ தெல் யானோ என்ற எண்ணெய்க் கப்பல் இரவில் போய்க்கொண்டிருந்தது. முந்தின வருடம் வரை அது இத்தாலியக் கப்பல். மெக்சிகோ துறைமுகத்தில் நின்றதைப் பறிமுதல் செய்து பெயர் மாற்றியிருந்தார்கள். மெக்சிகோ அப்போது நடுநிலை நாடு. நடுநிலைக் கப்பல் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று பக்கவாட்டில் பெரிதாகக் கொடியை வரைந்து, அதன் மேல் விளக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு போனார்கள். ஜெர்மனியின் யு-564 நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. 35 பேரில் 13 பேர் இறந்தார்கள். காப்பாற்றும் என்று நம்பிப் போட்ட விளக்குதான் இலக்கைக் காட்டிக் கொடுத்தது. ஒரே வாரத்தில் ஃபாஹா தெ ஓரோ என்ற இன்னொரு கப்பலும் போனது. மெக்சிகோ விளக்கமும் இழப்பீடும் கேட்டது. ஜெர்மனி மதிக்கவே இல்லை. அதிபர் மனுவெல் அவிலா கமாச்சோ நாடாளுமன்றத்துக்குப் போனார். மே 22 முதல் போர் நிலை என்று அறிவிப்பு வந்தது.

அறிவிப்பு வந்ததே தவிர, மக்களுக்குப் போரில் பெரிய ஆர்வம் இல்லை. புரட்சியும் உள்நாட்டுச் சண்டையும் பார்த்துச் சலித்த தலைமுறை அது. யாருக்காகச் சாகப் போகிறோம் என்ற கேள்வியும் இருந்தது. கார்தெனாஸ் இப்போது பாதுகாப்பு அமைச்சர். அமெரிக்கப் படைகள் மெக்சிகோ மண்ணில் முகாம் போடுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. மெக்சிகோ எண்ணெய் தந்தது, உலோகம் தந்தது, அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கூலியாட்களைத் தந்தது. ரத்தம் மட்டும் தரவில்லை.

1944 வாக்கில் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பது தெளிவாகிவிட்டது. போர் முடிந்ததும் மேசை போட்டு உட்காருவார்கள், அங்கே நமக்கு நாற்காலி உண்டா என்ற கவலை மெக்சிகோவுக்கு வந்தது. பிரேசில் இத்தாலிக்கு இருபத்தைந்தாயிரம் காலாட்படையும் கூடவே ஒரு போர் விமானப் பிரிவும் அனுப்பியிருந்தது. மெக்சிகோவால் அந்த அளவு முடியாது, அதிபருக்கு அந்த அளவு ஆசையும் இல்லை. காலாட்படை என்றால் ஆயிரக்கணக்கில் சவப்பெட்டிகள் திரும்பி வரும். விமானப்படை என்றால் ஆட்கள் குறைவு, கொடி மட்டும் உயரத்தில் தெரியும். கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அதில் தவறொன்றும் இல்லை என்பது என் கட்சி. சிறிய நாட்டின் அதிபர் கணக்குப் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

1944 ஜூலையில் படை கிளம்புவதற்கு முன் அவிலா கமாச்சோ தலைநகரின் பல்புவெனா மைதானத்தில் அவர்களைப் பார்வையிட்டார். யாருக்காவது ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இப்படிப்பட்ட கேள்விக்கு எல்லோரும் விறைப்பாக நின்று ஒன்றும் வேண்டாம் என்பதுதான் வழக்கம். வரிசையிலிருந்து ஒருவர் முன்னே வந்தார். ஆன்ஹெல் போகனேக்ரா, கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். என் ஊர் தெபோஸ்த்லானுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். அதிபர் உத்தரவு போட்டார், போர் முடிவதற்கு முன்பே பள்ளி எழுந்துவிட்டது. பெயர்: எஸ்குவாத்ரோன் 201. இந்தப் படையின் சாதனைப் பட்டியலை எழுதச் சொன்னால் நான் இதைத்தான் முதலில் எழுதுவேன். அதுவும் ஒரு குண்டுகூட விழுவதற்கு முன் நடந்தது.

அப்புறம் ரயிலேறி டெக்சாஸ். அங்கிருந்து ஐடஹோ மாநிலத்தின் பொகடெல்லோ. பனி கொட்டத் தொடங்கியதும் மறுபடி டெக்சாஸ், கிரீன்வில் என்ற ஊர்.

கிரீன்வில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கோவில்பட்டிப் பக்கம் மாதிரி கரிசல் பூமி, பருத்தி விளைகிற ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மண்ணின் மேல் பெருமை. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் முக்கியத் தெருவின் குறுக்கே ஒரு பெரிய பலகை தொங்கவிட்டிருந்தார்கள்: மிகக் கறுத்த மண், மிக வெளுத்த மக்கள். 1920-களில் மாட்டியது, 1960-கள் வரை தொங்கியது. வெளுத்த என்றால் வெள்ளை மனசு என்று பிற்காலத்தில் சமாளித்தவர்கள் உண்டு. அந்தப் பலகைக்குக் கீழேதான் மெக்சிகோ விமானிகள் மாலை நேரங்களில் நடந்திருப்பார்கள்.

டெக்சாஸின் பல ஊர்களில் மெக்சிகோக்காரர்களுக்கு உணவகத்தில் சாப்பாடு கிடையாது, முடிதிருத்தகத்தில் இடம் கிடையாது. மெக்சிகோ அரசுக்கு இது நன்றாகத் தெரியும். 1942-இல் அமெரிக்காவோடு போட்ட பண்ணைக் கூலி ஒப்பந்தத்தில் டெக்சாஸுக்கு மட்டும் ஆள் அனுப்ப முடியாது என்று மறுத்துவிட்டது, காரணம் இந்தப் பாகுபாடுதான். கூலியாள் போகக் கூடாத ஊருக்கு அதே அரசு தன் விமானிகளை அனுப்பியது. சீருடை காப்பாற்றும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பயிற்சியிலேயே இரண்டு விமானிகள் செத்தார்கள். தண்டர்போல்ட் லேசுப்பட்ட விமானம் இல்லை. பதினெட்டு சிலிண்டர், இரண்டாயிரம் குதிரைத்திறன், இறக்கையில் எட்டுக் கனரக இயந்திரத் துப்பாக்கிகள், குண்டும் எரிபொருளும் ஏற்றினால் ஆறேழு டன் கனம். ஜப்பானிய ஜீரோ விமானம் ஏறக்குறைய இதில் பாதி எடைகூட இராது. அத்தனை கனத்தைச் செங்குத்தாகக் கீழே பாய விட்டு, குண்டை விட்டுவிட்டு, மறுபடி மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் தரை. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் இறக்கை காற்றைத் தாங்காமல் விமானம் உருண்டுவிடும். (பெங்களூருக்குப் பக்கத்தில் யெலஹங்காவில் பர்மாப் போர்முனைக்குப் போகிற பிரிட்டிஷ் விமானிகள் இதே விமானத்தில்தான் பழகினார்கள்.)

1945 பிப்ரவரி 23-இல் கிரீன்வில்லில் விடைகொடுப்பு விழா. ஜெனரல் பிரான்சிஸ்கோ உர்கீசோ மெக்சிகோ கொடியைப் படையிடம் கொடுத்தார். மார்ச் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறினார்கள். அவர்கள் பசிபிக் நடுவே இருக்கும்போதே, ஏப்ரல் 25-இல், கிளம்பிய அதே ஊரில் ஐக்கிய நாடுகள் சபையை உருவாக்கும் மாநாடு கூடியது. மெக்சிகோவுக்கு நாற்காலி இருந்தது. ஒரு குண்டு போடுவதற்குள் பாதி நோக்கம் நிறைவேறிவிட்டது என்று குசும்பாகச் சொல்லலாம்.

மே தொடக்கத்தில் மணிலா. அங்கே அவர்கள் பார்த்தது நகரம் இல்லை, நகரத்தின் இடிபாடு. பிப்ரவரியில் நடந்த ஒரு மாதச் சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்திருந்தார்கள். இந்த்ராமுரோஸ் என்ற பழைய ஸ்பானியக் கோட்டை நகரம் கற்குவியலாகக் கிடந்தது.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையின் இன்னொரு இழை பிடிபட்டது. 1565 முதல் 1815 வரை இரண்டரை நூற்றாண்டு மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே கப்பல் ஓடியது. சீனப் பட்டு அங்கே போனது, மெக்சிகோ வெள்ளி இங்கே வந்தது. பிலிப்பைன்ஸை ஸ்பெயின் ஆண்டது பெரும்பாலும் மெக்சிகோ நகரம் வழியாகத்தான். மணிலாவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அந்திபோலோ என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மாதா சிலை 1626-இல் அகபுல்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அந்த ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைகளில்தான் ஜப்பானியர்கள் குகை தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்னோர் கப்பலில் வந்த தேசத்துக்குப் பேரன்கள் குண்டோடு வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள முதியவர்கள் பலரிடம் அமெரிக்கர்களால் பேச முடியாத பாஷையில் இவர்களால் பேச முடிந்தது.

தளம் போராக், கிளார்க் விமானதளத்தை ஒட்டிய ஊர். மெக்சிகோப் படைக்கு மொத்தத் தலைவர் கர்னல் அந்தோனியோ கார்தெனாஸ் ரோத்ரீகஸ், ஸ்குவாட்ரனை நடத்தியவர் கேப்டன் ரதாமேஸ் கஷியோலா. அமெரிக்காவின் 58-ஆவது போர் விமானக் குழுவோடு சேர்த்தார்கள். சொந்த விமானம் இல்லை, அமெரிக்கர்கள் ஓட்டித் தேய்த்ததைக் கடன் வாங்கிப் பறந்தார்கள். வாலில் மூவர்ணம் தீட்டிய விமானங்கள் ஜூலையில்தான் கிடைத்தன. சின்னமாக இரண்டு கையிலும் துப்பாக்கி ஏந்திய ஒரு டிஸ்னி கார்ட்டூன் சேவலை வைத்துக்கொண்டார்கள். கொடியில் கழுகு இருக்கும் தேசத்தில் சேவலைப் பிடித்தவர்களின் நகைச்சுவை உணர்வுக்கு ஒரு சபாஷ்.

வேலை என்ன? வானத்தில் ஜப்பானிய விமானத்தைத் துரத்துவது இல்லை. 1945 ஜூனில், மணிலா இருக்கும் லூசோன் தீவின் வானில் ஜப்பானிய விமானம் பார்க்கக் கிடைக்காது. ஜெனரல் யமாஷிதாவின் படைகள் வடக்கே மலைகளுக்குள்ளும், கிழக்கே காட்டுக்குள்ளும் பதுங்கியிருந்தன. கீழே அமெரிக்க, பிலிப்பைன்ஸ் காலாட்படை ஏறிக்கொண்டிருக்கும். அவர்களுக்குச் சில நூறு கெஜம் முன்னால் குண்டு விழ வேண்டும், பின்னால் விழுந்தால் நம் ஆட்கள் மேலேயே. பள்ளத்தாக்கு குறுகல், சரிவு செங்குத்து, மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். துப்பாக்கிச் சூடு கீழேயிருந்து வரும். விமானக் கதை எழுதுகிறவர்களுக்குப் பிடிக்காத வேலை இது: எத்தனை விமானத்தை வீழ்த்தினாய் என்ற கேள்விக்குப் பதில் பூஜ்யம். காலாட்படைக்காரனைக் கேட்டால் வேறு பதில் வரும்.

விமானிகளில் ஒருவர் முதுமையில் சொன்ன கதை எனக்குப் பிடிக்கும். ஒரு தாக்குதல் முடிந்து உற்சாகத்தில் விமானத்தை ஒரு புரட்டுப் புரட்டியிருக்கிறார். யாரோ ஓர் அமெரிக்கர் ரேடியோவில் பைத்தியக்கார மெக்சிகன் என்று கிண்டலடித்தார். இவருக்குச் சுருக்கென்றது. இறங்கியதும் நேருக்கு நேர் வா என்று சவால் விட்டுவிட்டார். வந்தவரோ ஆறடிக்கு மேல் மலை மாதிரி. சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்க முடியாமல் இரண்டு குத்து வாங்கிக்கொண்டு, பிறகு இருவரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள்.

சாவுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜூன் 1-ஆம் தேதி ஃபவுஸ்டோ வேகா சந்தாந்தேர் பாய்ந்து குண்டு போடும்போது விமானம் உருண்டு கடலில் விழுந்தது. இருபது வயதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான். அடுத்த சில நாளில் ஹோசே எஸ்பினோசா ஃபுவெந்தெஸ், பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்க்கக் கிளப்பியபோது. ஜூலையில் சில நாள் இடைவெளியில் மேலும் மூவர்: எக்தோர் எஸ்பினோசா கால்வான், பாப்லோ ரீவாஸ், மாரியோ லோபெஸ் போர்தியோ. இந்த மூவரும் அப்போது செய்துகொண்டிருந்தது விமானம் கொண்டுபோய் விடும் வேலை. தேய்ந்த விமானங்களை நியூ கினி பக்கம் பியாக் தீவில் விட்டுவிட்டு, வேறு விமானங்களை ஓட்டி வர வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய முழுக்கக் கடல், ஒரே எஞ்சின், பருவமழைக் காலம். ஒருவருக்கு எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்க நேர்ந்தது. ஒருவர் புயல் மேகத்துக்குள் போனவர் வெளியே வரவில்லை. ஒருவர் லூசோனின் மலையில் மோதினார்.

போர்க் கதைகளில் இந்தச் சாவுகளுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். டிரைவர் வேலை மாதிரி நினைத்துத் தாண்டிவிடுவோம். பிலிப்பைன்ஸ் வந்த பிறகு இறந்த ஐந்து விமானிகளில் மூவர் இந்த வேலையில்தான் இறந்தார்கள். இவர்களுக்குப் பதிலாள் வந்து சேரவும் இல்லை. இருந்தவர்களே கூடுதலாகப் பறந்து சமாளித்தார்கள்.

ஜூலையில், அப்போது ஜப்பான் வசமிருந்த தைவான் வரை போய் வந்தார்கள். ஒரு தடவைக்கு ஆறேழு மணி நேரம், ஒற்றை ஆள் உட்காரும் இருக்கையில், கால் நீட்ட முடியாமல். ஜப்பானிய விமானம் எதுவும் எழும்பி வரவில்லை. ஆகஸ்ட் 8-இல் கரென்கோ துறைமுகத்தின் மேல் குண்டு போட்டார்கள். இன்று அந்த ஊரை ஹுவாலியன் என்கிறோம். அதற்கு இரண்டு நாள் முன்பு ஹிரோஷிமா, மறுநாள் நாகசாகி. அப்புறம் குண்டு போட வேலை இல்லை.

இதே லூசோனில், 201 குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே ஜூன் மாதத்தில், ஃபெலிக்ஸ் லோங்கோரியா என்ற அமெரிக்கக் காலாட்படை வீரர் ரோந்தில் கொல்லப்பட்டார். டெக்சாஸின் த்ரீ ரிவர்ஸ் ஊரைச் சேர்ந்த, மெக்சிகோ வம்சாவளிக்காரர். 1949-இல் உடல் ஊருக்கு வந்தபோது, வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்று உள்ளூர் இறுதிச் சடங்குக் கூடம் இடம் தர மறுத்தது. செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் தலையிட்டு வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். 201-இன் கதையை நட்புறவுக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஆண்டு.

இந்த ஸ்குவாட்ரன் போரின் முடிவை மாற்றியதா? இல்லை. இவர்கள் இல்லாவிட்டாலும் ஜப்பான் அதே நாளில்தான் சரணடைந்திருக்கும். வெறும் அடையாளப் படை என்று சில வரலாற்று ஆர்வலர்கள் உதட்டைப் பிதுக்குவதைப் படித்திருக்கிறேன். அப்படிப் பார்த்தால் பெரிய படைகளிலும் எந்த ஒரு தனி ஸ்குவாட்ரன் போரை மாற்றியது? ஆயிரம் ஸ்குவாட்ரன் உள்ள நாட்டுக்கு ஒன்று அடையாளம், ஒன்றே ஒன்று உள்ள நாட்டுக்கு அதுதான் விமானப்படை.

1945 நவம்பர் 18-இல் மெக்சிகோ நகரம் திரும்பினார்கள். சோகலோ சதுக்கம் நிரம்பி வழிந்தது. கொடுத்த கொடியை அதிபரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். டிசம்பரில், வெளிநாட்டுப் போருக்கென்று அமைத்த பிரிவைக் கலைத்துவிட்டார்கள். சபுல்டெபெக்கில் நினைவுச் சின்னம் எழுந்தது, அமெரிக்கர்களோடு சண்டையிட்டுச் செத்த அந்த மாணவர்களின் கோட்டை நிற்கிற அதே பூங்காவில். மெட்ரோவில் 8-ஆம் தடத்தில் ஒரு நிலையத்துக்கு இவர்கள் பெயர்.

ஐந்தே வருடத்தில் கொரியப் போர் வந்தது. வாஷிங்டன் மறுபடி ஆள் கேட்டது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து கொலம்பியா ஒரு காலாட்படைப் பட்டாளத்தை அனுப்பியது. மெக்சிகோ அனுப்பவில்லை. நாற்காலி ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இந்தத் தடவை கப்பலையும் யாரும் மூழ்கடிக்கவில்லை. 201-க்குப் பிறகு மெக்சிகோவின் எந்தப் படைப்பிரிவும் வெளிநாட்டுப் போரில் சண்டையிடப் போனதில்லை.